பாம்பு எப்படி ஒலிக்கும்? – கணினி விளையாட்டும் தமிழ் வகுப்பும்



தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுத்தருவதே வேண்டாத வேலை என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. அந்த விளையாட்டில் வரும் அசைவூட்டப் படங்களுக்கு ஒலி அமைக்கவும் கற்றுத்தர வேண்டும் என்று நான் சொன்னால், 'இந்த ஆசிரியருக்கு வேறு வேலையே இல்லையா?' என்று கேட்கத் தோன்றும். தாராளமாகக் கேளுங்கள். ஆனால், இக்கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டுக் கேளுங்கள் என்பது என் பணிவான வேண்டுகோள்.

ஒரு பாட்டியின் கேள்வி

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 'ஸ்கிராட்ச்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு சிறு சிறு விளையாட்டுகளை உருவாக்குகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள் அது. கட்டளைகளைக் கட்டைகளைப் போல அடுக்கி நிரல் எழுதலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் எளிது.

முதலாண்டு கண்காட்சியில் பன்னிரண்டு விளையாட்டுகளை வைத்தோம். அவற்றுள் ஒன்று தோட்டப்புறத்துக் கதை. ஒரு சிறுவன் ரப்பர் மரங்களுக்கிடையே நடந்து ரப்பர் விதைகளைப் பொறுக்க வேண்டும். வழியில் பாம்பு வரும். அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். படங்களைப் பிள்ளைகளே வரைந்திருந்தார்கள். நடையும் தாவலும் நன்றாகவே அமைந்திருந்தன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி மட்டும் அந்தத் திரைக்கு முன் சற்று நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் வாத்தியாரே, விதை பொறுக்குனாலும் 'பொப்'புங்குது, பாம்பு வந்தாலும் 'பொப்'புங்குது. பாம்பு இப்படியா சத்தம் போடும்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மென்பொருளில் புதிதாக ஓர் உருவத்தை வரைந்தால் 'பொப்' என்ற ஓர் ஒலி தானாகவே அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதை மாற்றவில்லை. மாற்றியவர்களும் மென்பொருளின் ஒலித்தொகுப்பிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை வரையச் சொன்ன நான், ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தவறு பிள்ளைகளுடையது அன்று; என்னுடையது.

"பிறகு எப்படிப் பாட்டி சத்தம் போடும்?" என்று கேட்டேன்.

"சீறுறதெல்லாம் கிட்டப் போனாத்தான். மொதல்ல சருகுதான் சரசரங்கும். சருகு சத்தம் கேட்டதுமே நாங்க காலைத் தூக்கிருவோம். அப்புறந்தான் பாம்பே கண்ணுல படும்" என்றார் அவர்.

நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். கணினி விளையாட்டு எதையும் அவர் ஆடியதில்லை. ஆனால், விளையாட்டு ஒலியமைப்பின் முதல் விதியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: ஒலி என்பது படத்திற்குப் பூசும் வண்ணம் அன்று, ஆடுபவருக்குச் சொல்லும் செய்தி. படத்துக்கு முன்பே அது வரலாம். வந்தால்தான் காலைத் தூக்க நேரம் கிடைக்கும்.

ஒலி என்ன வேலை செய்கிறது?

திரைப்படத்தில் நாம் ஒலியைக் கேட்கிறோம், அவ்வளவுதான். விளையாட்டில் ஒலியைக் கேட்டு நாம் ஏதாவது செய்தாக வேண்டும். இதற்கு நல்ல சான்று, ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டு. அதில் நான்கே சுரங்கள் இறங்குமுகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய அந்த ஒலி விரைவுபெறும். ஆடுபவரின் நெஞ்சும் அதனோடு சேர்ந்து படபடக்கும். நான்கு சுரங்களுக்குள் அச்சத்தை அடைத்துவிட்டார்கள்!

கருவிகள் குறைவாக இருப்பது ஒரு தடையா என்றால், அதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டில் 'பொங்' என்னும் மேசைப்பந்து விளையாட்டை உருவாக்கிய ஆலன் அல்கார்னிடம், வெற்றி பெறும்போது கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்று கேட்டார்களாம். அதற்கான உதிரிப்பாகங்களைச் சேர்க்க அவரிடம் இடமில்லை. அந்தச் சுற்றமைப்பில் ஏற்கெனவே இருந்த அதிர்வுகளையே எடுத்து ஒலியாக மாற்றினார். பந்து மட்டையில் படும் அந்த எளிய ஒலிதான் உலகப் புகழ் பெற்றது.

திரைப்படத் துறையிலும் இதே கதைதான். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'காட்சில்லா' படத்தில் வரும் பூதாகார விலங்கின் உறுமல் எந்த விலங்கின் குரலும் அன்று. இசையமைப்பாளர் அக்கிரா இஃபுகுபே, குங்கிலியம் தடவிய தோல் கையுறையால் பெரிய தந்தி வாத்தியத்தின் நரம்பை இழுத்து உரசி அந்த ஒலியை உண்டாக்கினார். அமெரிக்காவில் ஜேக் ஃபோலி என்பவர் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கேற்ப நடந்தும் தட்டியும் உரசியும் ஒலி சேர்க்கும் முறையை வளர்த்தார். இன்றும் அக்கலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. பனிமேல் நடக்கும் ஒலிக்குச் சோளமாவுப் பை, எலும்பு முறியும் ஒலிக்குச் செலரித் தண்டு, குதிரைக் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டை என்று அத்துறையினர் பயன்படுத்தும் பொருள்களில் பாதி நம் வீட்டு அடுப்படியில் இருப்பவை!

நாங்கள் செய்தது

மறு ஆண்டு ஒரு விதி வைத்தேன்: ஆயத்த ஒலி எதுவும் கூடாது. விளையாட்டில் கேட்கும் ஒவ்வோர் ஒலியையும் மாணவர்களே பதிவுசெய்ய வேண்டும். ஆசிரியர்கள் யாரேனும் முயல விரும்பினால் பயன்படட்டும் என்று எங்கள் ஆறு வாரப் பணியைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. முதல் வாரம் கணினியைத் தொடவில்லை. பள்ளித் திடலில் ஐந்து மணித்துளிகள் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்டவற்றை எழுதினோம். முதலில் பலர் மூன்று ஒலிகளையே எழுதினார்கள். மறுமுறை எண்ணிக்கை கூடியது. ஒலிகள் கூடவில்லை, காதுகள் திறந்துகொண்டன.

2. இரண்டாம் வாரம் விளையாட்டைப் பார்த்து ஓர் ஒலிப்பட்டியல் எழுதினோம். எந்த அசைவுக்கு ஒலி வேண்டும், எதற்கு வேண்டாம், அந்த ஒலி ஆடுபவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று மூன்று பத்திகள். 'எதற்கு வேண்டாம்' என்ற பத்திதான் மிகக் கடினமாக இருந்தது. எல்லாமே ஒலித்தால் எதுவுமே காதில் ஏறாது என்பதைப் பிள்ளைகள் ஆடிப் பார்த்துத்தான் உணர்ந்தார்கள்.

3. மூன்றாம் வாரம் பொருள் தேடல். மைலோ டின், ரப்பர் விதை, சிரட்டை, ஈர்க்குத் துடைப்பம், மிதிவண்டிக் காற்றுக்குழாய், நாசி லெமாக் பொட்டலத்தின் பழுப்புத் தாள் என்று வகுப்பறை ஒரு பழைய சாமான் கடையைப்போல் ஆனது. கண்ணாடித் தாளைக் காதருகே கசக்கினால் நெருப்பு எரிகிறது என்பதை ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்தாள்.

4. நான்காம் வாரம் பதிவு. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருவதில்லை. ஆகவே, என் கைப்பேசி ஒன்றே பதிவுக்கருவி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலை மூடிவிட்டு, ஒவ்வோர் ஒலியையும் நான்கைந்து முறை பதிந்தோம். ஒரே காலடி ஓசை திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் நடப்பதுபோல் இருக்கும். நான்கு காலடிகளைப் பதிந்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று தற்செயலாக வரும்படி நிரல் எழுதினால்தான் மனிதன் நடப்பதுபோல் இருக்கும்.

5. ஐந்தாம் வாரம் வெட்டலும் பொருத்தலும். ஸ்கிராட்சிலேயே ஒலியை வெட்டவும், விரைவாக்கவும், மெதுவாக்கவும், பின்னோக்கி ஒலிக்கவும் வழியுண்டு. கூடுதல் வேலைக்கு 'ஒடாசிட்டி' என்னும் இலவச மென்பொருள் போதும். மைலோ டின்னைத் தட்டிய ஒலியை மெதுவாக்கியபோது இடி முழங்கியது, வகுப்பே கைதட்டியது.

6. ஆறாம் வாரம் மற்ற வகுப்பு மாணவர்களை ஆடவிட்டு, நாங்கள் பின்னால் நின்று கவனித்தோம். சருகு சரசரத்தவுடன் ஆடுபவர் விரல் குதிக்கும் பொத்தானைத் தேடுகிறதா? தேடினால் ஒலி வேலை செய்கிறது. தேடாவிட்டால் மீண்டும் பதிவறைக்கு!

அசைவூட்டத்தோடு ஒலியைப் பொருத்துவதில் பிள்ளைகள் பட்ட பாடு தனிக்கதை. ஸ்கிராட்ச் ஒரு விநாடிக்கு முப்பது முறை திரையைப் புதுப்பிக்கிறது. பதிவின் தொடக்கத்தில் உள்ள வெற்று அமைதியை வெட்ட மறந்தால், பாதம் தரையைத் தொட்டு மேலெழுந்த பிறகுதான் 'தொப்' என்று கேட்கும். 'ஒலி முடியும்வரை இசை' என்ற கட்டளையைத் தவறான இடத்தில் வைத்தால், ஒலி முடியும்வரை சிறுவன் நடுவழியில் சிலைபோல் நிற்பான். இவற்றையெல்லாம் நான் சொல்லித் திருத்தவில்லை. 'இங்கே ஏதோ சரியில்லை' என்று அவர்கள் காதே சொன்னது; ஏன் என்று அவர்கள் மூளை தேடியது. கணினிச் சிந்தனை என்று பாடத்திட்டம் கூறுவது இதைத்தானே?

இது தமிழ்ப்பாடம்தான்

இனி என் கருத்தின் மையத்திற்கு வருகிறேன். இப்பணியைக் கணினிக் கழகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழ் வகுப்பிற்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

நம் மொழியணிப் பாடத்தில் இரட்டைக்கிளவி இருக்கிறது. அதை எப்படிக் கற்பிக்கிறோம்? 'சலசல – நீர் ஓடும் ஒலி', 'சரசர – சருகின் ஒலி' என்று பலகையில் எழுதுகிறோம். மாணவர்கள் படியெடுக்கிறார்கள். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள். அத்தோடு சரி. மாடி வீட்டில் வாழும் ஒரு பிள்ளை, ஓடை சலசலப்பதைக் கேட்டதே இல்லாமல் 'சலசல'வை எழுதி முழு மதிப்பெண் பெறுகிறது!

ஒலிப்பட்டியல் எழுதிய வாரத்தில் என் மாணவர்களுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. 'பாம்பு சத்தம்', 'மழை சத்தம்' என்று எழுதினால் போதவில்லை. எந்த மழை? தகரக் கூரையில் படபடவென்று விழும் மழையா, இலையில் சொட்டுச் சொட்டாக வடியும் மழையா? கதவு கிறீச்சிடுகிறதா, தடதடக்கிறதா? கல் மளமளவென்று சரிகிறதா, கடகடவென்று உருள்கிறதா? ஒலியின் தொடக்கமும் நடுவும் முடிவும் வேறுபடும்போது தமிழில் சொல்லும் வேறுபடுவதை அவர்கள் கண்டார்கள். ஒலிமரபுச் சொற்களும் அப்படியே உயிர்பெற்றன. காகம் கரையும், புறா குனுகும், வண்டு முரலும் என்பவை மனப்பாடச் சொற்களாக இல்லாமல் பதிவு செய்யவேண்டிய ஒலிகளாயின.

இன்னொன்றையும் கண்டோம். இரட்டைக்கிளவிகளை 'காதால் கேட்பவை', 'கேட்க முடியாதவை' என்று பிரிக்கச் சொன்னேன். தகதக, பளபள ஆகியவை ஒளியைக் குறிப்பன. கமகம என்பது மணத்தைக் குறிப்பது. இவற்றுக்கு ஒலி ஏது? ஆனால், விளையாட்டில் தங்கக்காசு பளபளக்கும்போது ஓர் ஒலி கேட்கத்தானே செய்கிறது! இல்லாத ஒலியை ஒளிக்குக் கொடுப்பது இன்றைய ஒலி வடிவமைப்பாளரின் வேலை. 'பளபள' என்று ஒளிக்கு ஓசை வடிவம் கொடுத்தவர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் உரியியலும் ஆரவாரத்திற்குக் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என நான்கு சொற்களைத் தருகிறது. ஒலியை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் கேட்ட மொழியை வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'பொப்' என்று போடுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

சருகைக் கேட்ட மாணவன்

எங்கள் கழகத்தில் ஒரு மாணவன். வாசிப்பில் பின்தங்கியவன். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். காலடி ஓசையைப் பதிந்துகொண்டிருந்த நாளில் அவன் மெல்ல வந்து, "ஐயா, இது காய்ஞ்ச சருகு. விளையாட்டுல மழை பெய்யுதே" என்றான். உண்மைதான்! படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நாங்களோ உலர்ந்த சருகை மிதித்துக்கொண்டிருந்தோம். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அவனையே அந்தக் குறிப்பை எழுதச் சொன்னேன். அவன் எழுதியது இது: 'மழை பெய்தால் சருகு சரசரகாது. சதக் சதக் என்று மிதிபடும்.' யாருடைய உதவியும் இல்லாமல் அவன் எழுதி நான் கண்ட முதல் முழு வாக்கியங்கள் அவை. ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. அன்று நான் சிவப்பு மையைத் தொடவில்லை. மறுநாள்தான் திருத்தினேன்.

அடுத்த வாரமே அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். "சார், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப வேணாம்னு வீட்டுல எத்தனை பேரு சொன்னாங்க தெரியுமா? நான்தான் பிடிவாதமா அனுப்புனேன். இங்கயும் கேம்ஸ்தானா? அந்த நேரத்துல டியூஷனுக்கு அனுப்பலாமே" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் அது. அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. படத்தைக் காட்டாமல், பையன் பதிந்த ஒலியை மட்டும் போட்டுக் காட்டினேன். "என்ன இது, சொல்லுங்கள்" என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாம்புன்னு சொல்லுவீங்க. ஆனா இது பாம்பு இல்ல சார், உடும்பு. பாம்பு இழுத்துக்கிட்டே போகும். இது விட்டு விட்டுக் கேக்குது" என்றார். பக்கத்தில் நின்ற பையன் வாய்விட்டுச் சிரித்தான். அன்று மாலையே வீட்டில் அப்பாவும் மகனும் துடைப்பத்தை வைத்துக்கொண்டு பாம்பைத் திருத்தியதாக மறுநாள் அறிந்தேன்.

டியூஷன் நின்றுவிடவில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் கழகத்திற்கு விட்டுக்கொடுத்தார். அதுவே போதும்.

சில ஐயங்கள்

'தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பர் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நம் மனத்திலிருந்துதான் அது இன்னும் நீங்கவில்லை! ஆறு வாரங்களில் வாரம் ஒரு மணி நேரம் என்பது பெரிய இழப்பன்று. அந்நேரத்தில் இரட்டைக்கிளவி, ஒலிமரபு, குறிப்பெழுதுதல் ஆகிய மூன்றும் கற்பிக்கப்பட்டுவிடுகின்றன.

'விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும்' என்பர் வேறு சிலர். மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே இருப்பது கெடுக்கும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ஆடுவது வேறு, ஆக்குவது வேறு. எலும்பு முறியும் ஒலி ஒரு செலரித் தண்டுதான் என்று அறிந்த பிள்ளை, அடுத்தமுறை வன்முறைக் காட்சியைப் பார்க்கும்போது 'இதை எப்படிச் செய்திருப்பார்கள்?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் மயக்கம் பாதி தெளிந்துவிடும்.

'இணையத்தில் ஆயிரக்கணக்கான ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, செயற்கை அறிவுத்திறனும் கேட்டதைச் செய்து தருகிறதே' என்பதும் ஒரு வாதம். கிடைக்கின்றன, தொழில் செய்வோர் பயன்படுத்தட்டும். அப்போதும் உரிமம் என்ன, உரியவர் யார் என்று பார்த்து, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தும் நேர்மையை நாம் கற்பிக்க வேண்டும். கற்கும் பிள்ளைக்கோ ஒலி கிடைப்பது நோக்கமன்று. கேட்கப் பழகுவதே நோக்கம். உலர்ந்த சருகா நனைந்த சருகா என்று கேட்கத் தெரியாதவனுக்கு ஆயிரம் ஒலிகள் கிடைத்தும் பயனில்லை. எதைத் தேர்வது என்று அவனுக்குத் தெரியாது.

'இதனால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்பது இயல்பு. நம் நாட்டின் 'உப்பின் இப்பின்', 'போபோய்போய்' ஆகிய அசைவூட்டத் தொடர்களை நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். அவற்றின் ஒவ்வொரு காலடிக்கும் கதவொலிக்கும் பின்னால் யாரோ ஒருவர் வேலை செய்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர் நாளை நம் பள்ளி மாணவராக இருக்கக் கூடாதா? ஆனால், எல்லாரும் ஒலி வடிவமைப்பாளர் ஆவார்கள் என்று நான் ஆசைகாட்ட மாட்டேன். எல்லாரும் கூர்ந்து கேட்கக் கற்பார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வேண்டுகோள்

ஆசிரியர்களே, அடுத்தமுறை இரட்டைக்கிளவி கற்பிக்கும் நாளில் பலகையில் எழுதுமுன் ஒரு சிரட்டையையும் ஒரு துடைப்பத்தையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பெற்றோர்களே, பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால், அவர்கள் இளமையில் கேட்ட ஒலிகளைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். விடியலில் மரத்தில் கத்தி இறங்கும் ஒலி, பால் வாளிகள் மோதும் ஒலி, ஆலைச் சங்கின் ஒலி ஆகியவற்றை நம் பிள்ளைகள் கேட்டதில்லை. கேட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் பிள்ளைகள் அவற்றை மீண்டும் உருவாக்குவார்கள்.

'பாம்பு இப்படியா சத்தம் போடும்?' என்று கேட்ட அந்தப் பாட்டி, இரண்டாம் ஆண்டுக் கண்காட்சிக்கும் வந்தார். சருகு சரசரத்ததும் அவர் கால் சற்றே பின்வாங்கியது. நான் பார்த்தேன். பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், அந்த ஓர் அடியைவிடப் பெரிய மதிப்பெண் வேறு எது?

உங்கள் பள்ளியிலும் இத்தகைய முயற்சி நடந்திருந்தால் மறுமொழியில் எழுதுங்கள். மாற்றுக்கருத்து இருந்தாலும் எழுதுங்கள். சேர்ந்து சிந்திப்போம்.